கைப்பிடி உப்பும் ஆறு மாதச் சிறையும்: அறவழிப் போராட்டம் எப்படி வேலை செய்கிறது?

1930 பிப்ரவரியில் வைசிராய் இர்வின் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். காந்தி உப்பை வைத்து ஏதோ கிளர்ச்சி செய்யப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, ஆனால் அது என் ராத்தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்று அதில் சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. காங்கிரஸுக்குள்ளேயே பலருக்கு அந்தத் திட்டம் புரியவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் லாகூர் மாநாட்டில் நேரு தலைமையில் முழு விடுதலையே லட்சியம் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய தீர்மானத்துக்குப் பிறகு உப்பா என்று நேருவின் தந்தை மோதிலால் போன்றவர்களே தயங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு முழுக்க அறுபதாயிரம் பேருக்கு மேல் சிறைக்குப் போயிருந்தார்கள்.

நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால் அறவழிப் போராட்டம் என்றால் என்ன, அதில் தலைவருக்கு என்ன வேலை என்ற இரண்டு கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்துவிடும். அகிம்சை என்றதும் பலர் அதை ஒரு நல்ல குணமாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பொறுமை, சாந்தம், எதிரியின் மனம் கரையும்வரை காத்திருப்பது என்று. அந்தப் பக்கமும் உண்டு, காந்திக்கு அது முக்கியமானதும்கூட. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு 1930ஐப் புரிந்துகொள்ள முடியாது. அது கணக்குப் போட்டு நடத்திய போராட்டம்.

கணக்கு இதுதான். 1931 கணக்கெடுப்பின்படி அன்றைய இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 35 கோடி. அதை ஆண்ட ஐ.சி.எஸ். (இந்திய சிவில் சர்வீஸ்) அதிகாரிகள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஆயிரம் பேரால் 35 கோடிப் பேரை எப்படி ஆள முடியும்? தனியாக முடியாது. வரி வசூலித்தவர் கிராம முன்சீப். கணக்கு எழுதியவர் கர்ணம். தடியைத் தூக்கியவர் உள்ளூர்ப் போலீஸ்காரர். சிறைக்கதவைப் பூட்டியவரும், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவரும், துரை வீட்டில் சமைத்தவரும் இந்தியர்கள்தான். இவர்களும் இவர்களைச் சுற்றியிருந்த சாதாரண ஜனங்களும் தினமும் ‘சரி’ என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அந்த ஆட்சி நடந்தது. அந்தச் ‘சரி’யைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் அறவழிப் போராட்டத்தின் அடிப்படை.

திரும்ப வாங்குவதில் இரண்டு படி உண்டு. முதல் படி ஒத்துழையாமை. அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பமாட்டேன், வக்கீல் தொழிலை விடுகிறேன், அந்நியத் துணி வாங்கமாட்டேன், கொடுத்த பட்டத்தை நீயே வைத்துக்கொள் என்பது. 1920இல் தொடங்கியது இப்படித்தான். இவற்றில் பெரும்பாலானவை சட்டப்படி குற்றமே இல்லை. இரண்டாம் படி சட்ட மறுப்பு. அநியாயமானது என்று நினைக்கும் ஒரு சட்டத்தை, நாள் குறித்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லோர் கண்முன்னாலும் மீறுவது. மீறிவிட்டு ஓடி ஒளியக் கூடாது. தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும். திருடனுக்கும் சத்தியாகிரகிக்கும் வித்தியாசம் இங்கேதான். சட்டத்தை மீறுகிறவன் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றால், சிறை என்ற பயமுறுத்தலுக்கு வேலையில்லாமல் போகிறது.

காந்தி இதை முதலில் பழகிய இடம் தென்னாப்பிரிக்கா. அங்கே 1913இல் ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீது விதித்த 3 பவுன் வரியை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெரும் பங்கு தமிழர்களுடையது. சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். மறு ஆண்டே அந்த வரி நீக்கப்பட்டது. பிறகு இந்தியாவில் பீகாரின் சம்பாரணிலும் குஜராத்தின் கேடாவிலும் விவசாயிகள் போராட்டம். 1928இல் குஜராத்தின் பர்தோலியில். நிலவரியை 22 சதவீதம் ஏற்றிய அரசு, வல்லபாய் படேல் தலைமையில் விவசாயிகள் வரி கட்ட மறுத்ததும், விசாரணைக் குழு போட்டு ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு இறங்கி வந்தது. ஆக 1930க்கு வரும்போது காந்தியிடம் இருபது வருட அனுபவம் இருந்தது.

ஏன் உப்பு?

தலைவரின் முதல் வேலை, எதை எதிர்ப்பது என்று தேர்ந்தெடுப்பது. பாதிப் போராட்டங்கள் இங்கேயே தோற்றுவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

1882 உப்புச் சட்டப்படி உப்பு எடுப்பதும் விற்பதும் அரசாங்கத்தின் ஏகபோகம். கடற்கரையில் வீடு இருக்கும், வாசலில் உப்பு பூத்துக் கிடக்கும், அதை அள்ளினால் குற்றம். எந்த ஏழையும் உப்பில்லாமல் கஞ்சி குடிக்க முடியாது. வெயிலில் உழைக்கிறவனுக்குப் பணக்காரனைவிட அதிக உப்பு வேண்டும். அதனால் அந்த வரி ஏழைமீதுதான் கனத்தது. இந்து, முஸ்லிம், பறையர், பிராமணர், ஆண், பெண் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முழு விடுதலை என்றால் என்னவென்று கேட்பவனுக்கும் உப்பு வரி என்றால் தெரியும்.

இன்னொன்று, இந்தச் சட்டத்தை யார் வேண்டுமானாலும் மீறலாம். வக்கீல் தொழிலை விட வேண்டுமானால் முதலில் வக்கீலாக இருக்க வேண்டும். பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் பட்டம் வேண்டும். உப்புக் காய்ச்ச ஒரு சட்டியும் கொஞ்சம் கடல்நீரும் போதும். அரசாங்கம் என்ன செய்தாலும் மாட்டிக்கொள்ளும். கைது செய்தால், ஒரு கைப்பிடி உப்புக்காகவா கிழவனைப் பிடித்தாய் என்று உலகம் கேட்கும். கைது செய்யாவிட்டால், சட்டம் செத்துவிட்டது என்று ஊர் முழுக்க உப்புக் காய்ச்சும்.

மார்ச் 2ஆம் தேதி காந்தி வைசிராய்க்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன செய்யப்போகிறேன், ஏன் செய்யப்போகிறேன் என்று எல்லாவற்றையும் அதில் சொல்லிவிட்டார். உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல், ஒரு இந்தியனின் சராசரி வருமானம் நாளைக்கு இரண்டணாவுக்கும் குறைவு என்று கணக்கும் காட்டினார். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரேனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். இதுவும் யோசித்துச் செய்ததுதான். சண்டை ஆங்கிலேயர்களோடு அல்ல, ஆங்கிலேய ஆட்சியோடு என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லியாகிவிட்டது.

அதே மார்ச் 2ஆம் தேதி நாசிக்கில் அம்பேத்கர் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கினார். அதுவும் சத்தியாகிரகம்தான். எதிரே நின்றவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, சாதி இந்துக்கள். உப்பு யாத்திரையைப் படிக்கும்போது இந்தத் தேதியையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மார்ச் 12ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 பேரோடு நடை தொடங்கியது. போக வேண்டிய தண்டிக் கடற்கரை 240 மைல். ரயிலில் போயிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். 24 நாள் நடந்ததால் ஒவ்வொரு நாளும் செய்தியானது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்து சேர அவகாசம் கிடைத்தது. வழியில் ஒவ்வொரு ஊரிலும் கூட்டம். அரசாங்க ஊழியத்தை விடுங்கள் என்று கேட்டதும் குஜராத் கிராமங்களில் பட்டேல்கள் என்ற ஊர்த் தலைவர்கள் பலர் ராஜிநாமா செய்தார்கள். மாணவர்களின் முன்படை ஒன்று முன்னாலேயே போய், ஊரில் எத்தனை பேர், எத்தனை ராட்டை, தாழ்த்தப்பட்டோர் நிலை என்ன, உப்பு எவ்வளவு செலவாகிறது என்றெல்லாம் விசாரித்து வைத்தது. ஊருக்குப் போய்ப் பேசும்போது காந்தி அந்த ஊர்க் கணக்கை வைத்தே பேசுவார்.

மார்ச் 29ஆம் தேதி பட்காம் என்ற ஊரில் நடந்ததைப் பலர் எழுதுவதில்லை. எனக்கு இந்த யாத்திரையில் மிகவும் பிடித்த இடம் அது. யாத்திரைக்காரர்களுக்கு சூரத்திலிருந்து லாரியில் பாலும் காய்கறியும் வந்திருந்தன. இரவு நடைக்கு வெளிச்சம் வேண்டுமென்று ஒரு கூலித்தொழிலாளியின் தலையில் கிட்சன் என்ற கனமான மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி நடக்கவைத்திருந்தார்கள். காந்தி அன்று கூட்டத்தில் தன் ஆட்களையே பிடித்துக்கொண்டார். வைசிராயின் சம்பளத்தைக் குறைசொல்லி எழுதிய நான், இப்படி நடந்தால் அந்தக் கடிதத்தை எழுத எனக்கு என்ன யோக்யதை என்று கேட்டார். ஊர் முன்னால், பத்திரிகைக்காரர்கள் முன்னால். இன்றைய கட்சிக்காரர் யாராவது இப்படிச் செய்வாரா என்று யோசித்துப் பாருங்கள். அடிவாங்கும்போது கை ஓங்காத கட்டுப்பாடு தண்டியில் திடீரென்று வந்துவிடாது. பால் லாரியை வேண்டாமென்று சொல்லும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏப்ரல் 5ஆம் தேதி தண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். கரையில் கிடந்த உப்பை அதிகாரிகள் ஏற்கெனவே சேற்றோடு கலக்கிவிட்டிருந்தார்கள். ஆனாலும் மறுநாள் காலை காந்தி குனிந்து எடுக்க ஒரு பிடி கிடைத்தது.

வேதாரண்யம்

நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்தப் போராட்டம் எப்படி வேலை செய்தது என்பது இன்னும் கிட்டத்தில் தெரியும். ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். சுமார் 150 மைல், பதினைந்து நாள்.

தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். யாத்திரைக்காரர்களைப் பிடித்தால் அவர்களைப் பெரிய ஆளாக்கிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேறு வழி பார்த்தார். இவர்களுக்குச் சோறு போடுவதும் தங்க இடம் கொடுப்பதும் குற்றம், இந்தியத் தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவில் ஆறு மாதம் சிறை என்று உத்தரவு போட்டார். நோட்டீஸ் அடித்தார், தமுக்கு அடித்தார், பத்திரிகையில் போட்டார். நூறு பேர் பசியோடு எத்தனை நாள் நடப்பார்கள், தானாகக் கலைந்துவிடும் என்பது அவர் நினைப்பு.

காவிரிப் பாசனச் சீமையில் வந்து, வழிப்போக்கனுக்குச் சோறு போடாதே என்று சொன்னது தப்பாகப் போனது. அதுவரை வேடிக்கை பார்த்திருக்கக்கூடியவர்களுக்கும் அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. போலீஸ் கண்ணெதிரே கொடுக்க முடியாத இடத்தில் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. தொண்டர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு நடந்தார்கள். சட்டத்தை மீறுகிறவர்கள் நூறு பேர் என்றிருந்ததை, தன் ஒரே உத்தரவால் ஆயிரக்கணக்கானவர்களாக ஆக்கிவிட்டார் கலெக்டர். மரத்தில் பொட்டலம் கட்டிய பெண்மணி உப்புக் காய்ச்சவில்லை, கோஷம் போடவில்லை. ஆனால் அன்றைக்கு அவரும் சட்ட மறுப்பில் சேர்ந்துவிட்டார்.

வேதாரண்யத்தில் அவர்களை வரவேற்றுத் தங்கவைத்தவர் வேதரத்தினம் பிள்ளை. பின்னால் அதற்காக அவருடைய சொத்து பறிமுதலானது. ஏப்ரல் 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு எடுத்தார், கைதானார், ஆறு மாதச் சிறை. தொண்டர்கள் அடுத்தடுத்து உப்பு எடுக்கப் போய்க்கொண்டேயிருந்தார்கள். உப்பு அள்ளிய கையை விரிக்கச் சொல்லிப் போலீஸார் அடித்தார்கள். பெண்களில் ருக்மிணி லட்சுமிபதி கைதானார். தண்டி யாத்திரைக்குக் காந்தி பெண்களைச் சேர்க்கவில்லை. அது சரியில்லை என்று கமலாதேவி சட்டோபாத்யாய் வாதாடிய பிறகே அவர் இறங்கிவந்தார். பிறகு பார்த்தால் நாடு முழுக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சில விஷயங்களில் தலைவருக்குத் தொண்டர்தான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஊரில் முடிதிருத்துபவரும் சலவைத் தொழிலாளியும் அதிகாரிகளுக்கு வேலை செய்ய மறுத்தார்கள். வைரப்பன் என்பவரைப் பற்றி அந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். முடிதிருத்தும் தொழிலாளி. சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. பாதி முகத்தோடு நிறுத்திவிட்டார். விஷயம் மாஜிஸ்திரேட்டிடம் போனது. மீதியைச் செய்துவிடு என்றாராம் மாஜிஸ்திரேட். வைரப்பன் தன் பெட்டியை அவர் முன் வைத்து, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்றாராம். ஆறு மாதம் கிடைத்தது. அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது.

நான் முன்னால் சொன்ன ‘சரி’ என்பது இதுதான். போலீஸ்காரருக்கு யாரோ ஒருவர் சவரம் செய்ய வேண்டும், யாரோ துணி வெளுக்க வேண்டும், யாரோ தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஒரு ஊர் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டால் கையில் துப்பாக்கி இருந்தும் அங்கே குடித்தனம் செய்ய முடியாது. தார்னுக்கும் இது புரிந்தது. அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு எப்போதாவது பக்தி என்று ஒன்று இருந்திருந்தால், அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் அவர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

தலைவர் உள்ளே போன பிறகு

மே 4ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் காந்தியைக் கைது செய்தார்கள். எந்தச் சட்டத்தில் தெரியுமா? 1827ஆம் ஆண்டுப் பம்பாய் ஒழுங்குவிதி ஒன்றில். விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்க அது இடம் கொடுத்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. 1922இல் அகமதாபாத் கோர்ட்டில் அவரை நிறுத்தியபோது, ஆமாம் குற்றம் செய்தேன், சட்டம் தரும் கடுமையான தண்டனையைக் கொடுங்கள் என்று பேசி அந்தக் கோர்ட்டையே தன் மேடையாக ஆக்கிக்கொண்டவர் அவர். நீதிபதி ஆறு வருடம் கொடுத்தார், கொடுக்கும்போது மரியாதையோடுதான் கொடுத்தார். மறுபடியும் அந்த வாய்ப்பைத் தர அரசு தயாராக இல்லை.

அடுத்து குஜராத்தின் தாராசனா உப்பளத்துக்குப் போவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. யார் நடத்துவது என்பதும் முடிவாகியிருந்தது. காந்திக்குப் பிறகு அப்பாஸ் தயாப்ஜி, ஓய்வுபெற்ற நீதிபதி, வயது எழுபதைத் தாண்டியவர். அவர் ஒரு வாரத்தில் கைதானார். அடுத்து சரோஜினி நாயுடு. நம் பக்கத்திலும் ராஜாஜிக்குப் பிறகு கே. சந்தானம் பொறுப்பேற்றார். தலைமை என்பது இங்கே ஒரு வரிசை. முதலில் நிற்பவர் சிறைக்குப் போவார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே அந்த வரிசை போடப்பட்டிருந்தது. ஒருவரைப் பிடித்தால் முடிந்துவிடும் என்ற போராட்டத்தை அரசு முதல் நாளிலேயே முடித்துவிடும்.

மே 21ஆம் தேதி தாராசனாவில் சுமார் 2,500 தொண்டர்கள். உப்பளத்தைச் சுற்றி முள்கம்பியும் அகழியும், உள்ளே 400 போலீஸார், அவர்கள் கையில் இரும்புப் பூண் போட்ட தடிகள். அடியைத் தடுக்கக்கூடக் கை உயர்த்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் சரோஜினி நாயுடு. முதல் வரிசை கம்பி வேலியை நெருங்கியது. மண்டையில் அடி விழுந்தது. விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டுபோக, அடுத்த வரிசை நடந்தது. அதன்பின் அடுத்தது. யாரும் ஓடவில்லை, யாரும் திருப்பி அடிக்கவில்லை. அங்கிருந்த அமெரிக்க நிருபர் வெப் மில்லர் தற்காலிக மருத்துவமனையில் 320 காயம்பட்டவர்களை எண்ணினார். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அவருடைய செய்தி உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தது.

அன்றைக்கு ஒரு மூட்டை உப்பைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. அப்படியானால் தோல்வியா? உப்பைக் குறியாகப் பார்த்தால் தோல்விதான். ஆனால் நாங்கள் ஒழுங்கைக் காக்க ஆள்கிறோம், இந்தியர்கள் எங்களை விரும்புகிறார்கள் என்று லண்டனும் நியூயார்க்கும் நம்பிக்கொண்டிருந்த கதை அன்று நொறுங்கியது. திருப்பி ஒரே ஒரு கல் விழுந்திருந்தாலும், கலவரக்கும்பலைப் போலீஸ் அடக்கியது என்று தலைப்புப் போட்டு முடித்திருப்பார்கள்.

அந்தக் கல்லைப் பற்றி ஏற்கெனவே காந்திக்குக் கசப்பான அனுபவம் உண்டு. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில், போலீஸ் சுட்டதில் கொதித்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட போலீஸார் இறந்தார்கள். காந்தி நாடு முழுவதும் இயக்கத்தையே நிறுத்திவிட்டார். சிறையிலிருந்த மோதிலால் நேருவும், லாலா லஜபதி ராயும், இளைய நேருவும் கொதித்துப்போனார்கள். எங்கோ ஒரு ஊர் செய்ததற்கு நாடே ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. 1930இல் சிட்டகாங்கில் ஏப்ரல் 18ஆம் தேதி புரட்சியாளர்கள் ஆயுதக் கிடங்கைத் தாக்கினார்கள். இந்த முறை காந்தி நிறுத்தவில்லை. யாரோ எங்கோ செய்ததற்கு என் ஆட்கள் பொறுப்பல்ல, என் ஆட்களின் கட்டுப்பாட்டுக்கு நான் பொறுப்பு என்ற நிலைக்கு வந்திருந்தார். எட்டு வருடத்தில் அவரே மாறியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அகிம்சை இந்துக்களின், குஜராத்திகளின் சரக்கு என்பவர்களுக்கு வடமேற்கு எல்லையிலிருந்த பெஷாவரைச் சொல்ல வேண்டும். கான் அப்துல் கஃபார் கானின் குதாய் கித்மத்கார்கள் (இறைத்தொண்டர்கள்) பட்டாணியர்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த நாட்டில் ஆயுதம் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். ஏப்ரல் 23ஆம் தேதி கிஸ்ஸா குவானி கடைவீதியில் அந்த நிராயுதபாணிகள் மேல் ராணுவம் சுட்டது, பலர் இறந்தார்கள். சுடச்சொன்னபோது கார்வால் ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவு மறுத்தது. முன்னால் நின்றவர் சந்திர சிங் கார்வாலி. அவர்களைப் பட்டாளக் கோர்ட்டில் நிறுத்திக் கடுமையாகத் தண்டித்தார்கள். ஆட்சியாளர்களை எல்லாவற்றையும்விட அதிகம் பயமுறுத்தியது இந்தச் சம்பவமாகத்தான் இருக்க வேண்டும். எதிரே நிற்பவன் கையில் ஆயுதம் இருந்திருந்தால் கார்வாலிச் சிப்பாய் உயிருக்குப் பயந்தாவது சுட்டிருப்பான்.

சரி, இதனால் என்ன கிடைத்தது? 1931 மார்ச் 5ஆம் தேதி காந்தி-இர்வின் ஒப்பந்தம். கைதிகள் விடுதலை. கடற்கரை ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். உப்பு வரி போகவில்லை, அது இடைக்கால அரசு அமைந்த பிறகே நீங்கியது. பலருக்கு இந்த ஒப்பந்தம் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு அடிவாங்கி இதற்கா என்று கேட்டார்கள். ஆனால் பேரரசின் பிரதிநிதி, தான் சிறையில் போட்ட ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சமமாகப் பேசி, கையெழுத்துப் போட வேண்டிவந்தது. சர்ச்சிலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அரை நிர்வாணப் பக்கிரி வைசிராய் மாளிகைப் படியேறுவதா என்று அவர் கொதித்தது பிரசித்தம்.

அறவழி எப்போதும் ஜெயிக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அரசாங்கமும் பாடம் படிக்கும். அடுத்து வந்த வைசிராய் வில்லிங்டன் 1932 ஜனவரி 4ஆம் தேதியே காந்தியைப் பிடித்து, அவசரச் சட்டங்களைப் போட்டு, காங்கிரஸைத் தடைசெய்து, சொத்துகளைப் பறித்து அடக்கினார். 1934இல் இயக்கம் அடங்கிவிட்டது. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் தலைவர்கள் எல்லோரும் முதல் நாளே உள்ளே போனதும், பல இடங்களில் தண்டவாளமும் தந்திக்கம்பியும் பெயர்ந்தன. அதை முழு அகிம்சை என்று யாரும் சொல்வதில்லை. 1947க்கு இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இளைத்துப்போனதும், 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் கலகம் செய்ததும் காரணங்கள்தான். உப்பு ஒன்றே சுதந்திரம் வாங்கித் தந்தது என்பது மேடைப்பேச்சு. உப்பு செய்த வேலை வேறு. இந்த ஆட்சியை மீறலாம், மீறினாலும் உயிரோடு இருக்கலாம் என்று கிராமத்து மனிதனுக்குக் காட்டியது. வேதாரண்யத்துக்காகச் சிறை போனவர்களில் விருதுநகர்க்காரர் ஒருவரும் உண்டு, காமராஜர். அவருடைய முதல் சிறைவாசம் அது.

இந்த வழியை மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. கானாவில் 1950 ஜனவரியில் குவாமே இன்க்ருமா வேலைநிறுத்தமும் புறக்கணிப்புமாக ஓர் இயக்கம் தொடங்கினார், சிறைக்குப் போனார். 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையில் இருந்தபடியே அக்ராவில் ஜெயித்தார். ஆளுநரே அவரை விடுவித்து அரசு அமைக்கக் கூப்பிட வேண்டியதாயிற்று. 1957 மார்ச் 6ஆம் தேதி கானா விடுதலை பெற்றது.

ராஜாஜிக்கும் அப்படி ஒரு திருப்பம் வந்தது. உப்பெடுத்து ஆறு மாதம் சிறையிலிருந்தவர் 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்றைக்கு முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். மறு ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதை எதிர்த்து சென்னையில் இந்து தியாலாஜிகல் பள்ளி முன்னால் மறியல் செய்தார்கள். தொண்டர்கள் அணியணியாக வந்து நின்றார்கள், கைதானார்கள், மறுநாள் அடுத்த அணி வந்தது. வேதாரண்யத்தில் அவர் கையாண்ட அதே முறை. அவர்கள்மீது ராஜாஜி அரசு ஏவியது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தை. முன்பு காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளையர் அரசு பயன்படுத்திய சட்டம் அது. பெரியார் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் காவலில் இருந்தபோதே நோயுற்று இறந்தார்கள். போர் விவகாரத்தில் 1939இல் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாய இந்தி உத்தரவை ரத்து செய்தார்.